பனியனின் சிறையும் கிருஷ்ணபிள்ளையின் தேவாரமும்

தில்லைக் கூத்தன் அடியெடுத்துக் கொடுக்கச் சேக்கிழார் பாடினார். கச்சியப்பர் நாள்தோறும் பாடி வைத்த ஏட்டைக் காஞ்சிக் குமரகோட்டத்து முருகன் திருத்திக் கொடுத்தான். புராணபடனம் கேட்டு வளர்ந்த நமக்கு இவை புதிய செய்திகள் அல்ல. நூல் ஊராருக்கு, சொல் இறைவனுடையது என்னும் நம்பிக்கை இக்கதைகளுக்குள் இருக்கிறது. கிறிஸ்தவப் புலவர்களிடமும் இந்த நம்பிக்கை உண்டு. ஆனால் அங்கே ஒரு வழக்கும் எழுந்தது. ஒருவர் எழுதி வைத்த ஜெபத்தை இன்னொருவர் ஓதினால் அது ஜெபமாகுமா? நேயர்களே, இன்றைய நமது பேச்சு அந்த வழக்கைப் பற்றியது.

இங்கிலாந்தில் பெட்போர்ட் நகருக்கு அருகே 1628இல் பிறந்தவர் ஜோன் பனியன். ஓட்டைப் பாத்திரங்களைப் பழுதுபார்ப்பது தந்தை வழி வந்த தொழில். பள்ளிப்படிப்போ சொற்பம். அரச திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்பதற்காக 1660 நவம்பரிற் பிடிக்கப்பட்டார். விசாரணையிலே பொது ஜெபநூலைப் பற்றிய கேள்வி எழுந்தது. மனிதர் இயற்றிய ஜெபங்களை ஓதும்படி வேதத்தில் எங்கே கட்டளை உண்டு என்பதே அவரது வாதம். ஆவியானவர் ஏவ, நெஞ்சிலிருந்து வருவது மட்டுமே ஜெபம் என்றார். சிறையிலிருந்தபடியே இதை நிலைநாட்டத் தனியொரு நூலும் எழுதினார்.

இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. 1672 வரை, 12 ஆண்டுகள் சிறை. வெளியே மனைவியும் நான்கு பிள்ளைகளும். மூத்த மகள் கண்பார்வையற்றவள். அவர்களுக்காக நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தி விற்கக் கொடுத்தார்.

தமிழர் ‘மோட்சப் பிரயாணம்’ என்று அறிந்த அவரது நூல் 1678இல் வெளிவந்தது. அதன் செய்யுள் முகவுரை சுவையானது. வேறொரு நூலை எழுதப் புகுந்தபோது இது தானாக வந்து சேர்ந்ததாம். அயலாரை மகிழ்விக்க அன்றித் தம் மனத்துக்காகவே எழுதினாராம். நண்பர்களிற் சிலர் அச்சிடுக என்றனர், சிலர் வேண்டாம் என்றனர். அச்சடித்த ஜெபத்தை மறுத்தவர், தம் கதையை அச்சிட இசைந்தார்.

இரு நூற்றாண்டுகளின் பின் இக்கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கிருஷ்ணபிள்ளை. 1827இல் கரையிருப்பு என்னும் ஊரில், வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். கம்பனில் ஊறியவர். சாயர்புரத்து மிஷன் பாடசாலைக்குத் தமிழாசிரியராகப் போனவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி அல்பிரட் கிருஷ்ணபிள்ளை ஆனார். அவர் சேர்ந்த சபை எது? பனியன் ஏற்க மறுத்த அதே பொது ஜெபநூலைக் கொண்டு வழிபடும் அங்கிலிக்கன் சபை! வரலாறு சில வேளைகளில் இப்படிக் குறும்பு செய்கிறது.

‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாயிற்று. ஐந்து பருவங்கள், மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட செய்யுள்கள். இதை மொழிபெயர்ப்பு என்பது பொருந்தாது. பனியன் விரித்துச் சொல்லாத இயேசுவின் பாடுகளைக் கிருஷ்ணபிள்ளை விரித்துப் பாடினார். கட்டுண்டு, ஏச்சுக்களைக் கேட்டு மௌனமாக நிற்கும் இயேசுவைக் காட்டும் இடங்களிற் கம்பனைப் பயின்ற கை தெரிகிறது. போதனை செய்யும் இடங்களில் வடசொற் பாரத்தால் நடை தளர்வதையும் மறைக்க வேண்டியதில்லை. படிப்பவரை விட்டு இறைவனை நோக்கித் திரும்பும் இடங்களிலேயே அவர் தமிழ் இளகுகிறது. அவ்விடங்களில் அவர் பாடி வைத்தவை பதிகங்கள். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் தேவாரம்.

இப்பெயர் சைவரான நம்மிற் சிலருக்கு உறுத்தலாம். எனக்கு உறுத்தவில்லை. பனியனின் வழக்குக்குத் தமிழ் மரபு வைத்திருந்த விடையை அவர் சரியாக இனங்கண்டு எடுத்துக்கொண்டார் என்றே கருதுகிறேன். சூலைநோயிலே நாவுக்கரசர் கதறியது அவருடைய வயிற்று நோவை. நாம் அதை நம்முடைய நோவுக்கு ஓதுகிறோம். பதிகத்தில் வரும் ‘நான்’ பாடியவருக்கு மட்டும் சொந்தமல்ல, ஓதுபவர்க்கும் உரியது. தமக்காக மன்றாடியதே பிறர்க்காக எழுதியதாகவும் ஆகிவிடும் வடிவம் இது. கம்பனைப் பின்பற்றிய காப்பியப் புலவர், ஜெபம் என்று வந்தபோது மூவர் வழியை நாடியது தற்செயலாக இருக்க முடியாது.

ஆயினும், காலைப் பிரார்த்தனையில் மனம் மைதானத்திலும் வாய் மட்டும் பதிகத்திலுமாக நிற்கும் மாணவரை நாள்தோறும் காணும் ஆசிரியன் எவனும் பனியனை முற்றாகத் தள்ளிவிட மாட்டான்.

கிருஷ்ணபிள்ளையின் பாடல்கள் சிலவற்றைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் ஆலயங்களிற் பாடுகின்றனர். காப்பியத்தை முழுவதும் படித்தவர்கள் அவர்களிலும் சிலரே. யாத்திரிகத்தின் பின் 1899இல் அவர் ‘இரட்சணிய மனோகரம்’ என்ற நூலை வெளியிட்டார். அதிலே கதை இல்லை. பக்திப் பாடல்களே உள்ளன. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.