பட்டாளத்துக்குப் போனவரின் பெயர்: வலங்கைமான் வட்டாரத்தில் குடிவழித் தேடலும் போர் நினைவும்

வலங்கைமானுக்கு வடமேற்கே, பட்டீஸ்வரத்தை ஒட்டி ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்று நான்கு ஊர்கள் உள்ளன. பழையாறை சோழர்களின் இருப்பிடமாக இருந்த காலத்தில் படை தங்கிய இடங்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். அங்கிருந்து போருக்குப் போன ஒருவரின் பெயரைச் சொல்லி, "இவர் வழியில் வந்தவர்கள் நாங்கள்" என்று இன்று யாராலும் நிறுவ முடியாது. அதில் வியப்பில்லை. மெசபடோமியாவுக்கோ பர்மாவுக்கோ போன பாட்டனாரைப் பற்றிக் கேட்டாலும் பல வீடுகளில் "பட்டாளத்துக்குப் போனார், திரும்பி வரலை" என்ற ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

போரில் இறந்தவரின் பெயர் காவிரிப் படுகையில் எங்கெல்லாம் தங்கியது, எங்கெல்லாம் நழுவியது என்பதைக் காலவரிசையில் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. வீரம் பெயரை நிலைக்க வைக்கும் என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். ஆவணங்களைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. இறப்போடு ஒரு நிலமோ, நெல்லோ, மாதப் பணமோ சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் பெயர் தங்கியது. அப்படி எதுவும் இல்லாதவர்கள் எண்ணிக்கையாக மட்டும் எஞ்சினார்கள்.

நடுகல்லிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று கல் எடுப்பதன் படிகளையே வகுத்து வைத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி எழுத்துக் கற்களும், செங்கம், தருமபுரிப் பகுதிகளின் பல்லவர் கால நடுகற்களும் வீரனின் பெயரைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் இவையெல்லாம் ஆநிரை மேய்ந்த மேட்டுநிலங்கள். வண்டல் படிந்த தஞ்சைச் சமவெளியில் கல்லே வெளியிலிருந்து வர வேண்டும்; வந்த கல்லும் கோயிலுக்குப் போயிற்று. ஆகவே டெல்டாக்காரர் தம் முன்னோரைத் தேட வேண்டிய இடம் கோயில் சுவர்.

போரில் இறந்தவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் குறிக்கின்றன. நிலம் கைமாறும்போது வழக்கு வரும். வழக்கு வந்தால் யாருக்காக, யாரிடம் கொடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். பெயர் எழுதப்பட்டதற்கு அந்தத் தேவை போதும்.

தஞ்சைப் பெரிய கோயில் இதற்கு இன்னும் கூர்மையான சான்று. முதலாம் இராசராசன் அங்கே குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் வந்த கோயில், குடியிருந்த தெருச் சிறகு, வீட்டு வரிசை என்று அத்தனையும் சுவரில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் அளக்க வேண்டியிருந்ததால், ஆளை அடையாளம் காட்டாமல் முடியாது. அதே சுவர்களில் வலங்கை வேளைக்காரப் படைகள் உள்ளிட்ட படைப்பிரிவுகள் பலவற்றின் பெயர்களும் வருகின்றன. அவை பிரிவுகளின் பெயர்கள். உள்ளே நின்ற ஆட்களின் பெயர்கள் அல்ல.

949-இல் தக்கோலத்தில் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அவனோடு மாண்ட காலாட்கள் எத்தனை பேர் டெல்டாவிலிருந்து போனவர்களோ! எதிர்த் தரப்பில் அந்தப் போரை நினைவூட்டும் கல் இன்றைய மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் நடப்பட்டது. கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் பரிசாகக் கேட்டு வாங்கிய 'காளி' என்னும் வேட்டைநாய், காட்டுப்பன்றியோடு பொருது செத்தது. அதற்கு எடுத்த கல் அது. பூசைக்கு நிலமும் விட்டார்கள். நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. தக்கோலத்தில் விழுந்த சோழ நாட்டுக் காலாளின் பெயர் தெரியவில்லை. கசப்பான ஒப்பீடுதான், ஆனால் நிலம் யாருக்கு விடப்பட்டதோ அவர் பெயர் நின்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் கண்டதில்லை.

இடைக்காலத்தை வேகமாகக் கடக்கலாம். சரபோசி மன்னர் தம் போன்சுலே மரபின் வரலாற்றை 1803-இல் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டி வைத்தார். அப்போது ஆட்சி ஏற்கெனவே கம்பெனியின் கைக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1858-இல் தொடங்கிய இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் மானியம் அனுபவித்த குடும்பங்களின் தலைமுறைகளைப் பதிந்தன. நிலம் வைத்திருந்தவர்கள் அவற்றைக் கொண்டு பாட்டனுக்குப் பாட்டனைக் கண்டுபிடிக்க முடிகிறது. பண்ணையாளாக இருந்தவரின் பேரனுக்கு அந்தப் பதிவேடு ஒன்றும் சொல்லாது.

பட்டாளத்துக்குப் பெரும்பாலும் போனது யார் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. மதராஸ் இராணுவத்தின் தலைமைத் தளபதியாக 1881 முதல் 1885 வரை இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று நம்பினார். 'போர்க்குடிகள்' என்ற அந்தக் கோட்பாட்டால் தமிழர்க்கான இடங்கள் ஆண்டுக்காண்டு சுருங்கின. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ், சாலையும் அகழியும் வெட்டிய பயனியர் படைகள், சில காலாட்படைகள் ஆகியவற்றில் மட்டும் கதவு திறந்திருந்தது. சாப்பர், பயனியர் பிரிவுகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமாகச் சேர்ந்தனர். ஊரில் நிலமும் மரியாதையும் கிடைக்காதவருக்குச் சம்பளமும் சீருடையும் பெரிய விஷயம். ஆக, எந்தக் குடும்பங்களிடம் பழைய காகிதம் எதுவும் இல்லையோ அந்தக் குடும்பங்களிலிருந்துதான் ஆட்கள் போனார்கள்.

1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் கரையிறங்கித் தோற்ற படையில் 63-ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும் 61-ஆம் பயனியரும் இருந்தன. சாப்பர்கள் மெசபடோமியாவில் பாலம் கட்டினார்கள். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 13 லட்சம் பேர் கடல் கடந்தனர்; 74,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். போர் முடிந்ததும் அரசு நாட்டின் பல கிராமங்களில் ஒரு பலகைக் கல்லைப் பதித்தது: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். கல் இருக்கிறது, எண் இருக்கிறது, பெயர் இல்லை. 1929-இல் திறந்த பாஸ்ரா நினைவுச் சின்னமும் அப்படித்தான். அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்துவிட்டு, இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையில் முடித்தார்கள். அவர்களின் பெயர்கள் பதிவேட்டுக்குள் கிடந்தன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

பெயர் தங்கிய இடங்கள் சிறியவை. பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும். சண்டையிட்டவருக்கு வெள்ளி, சமையலாள், சுமைதூக்கி போன்ற உடன்சென்ற ஆட்களுக்கு வெண்கலம் என்று பதக்கத்திலும் வகைப்பாடு உண்டு. வெள்ளி அடகுக்கடைக்குப் போகும், உருகும். வெண்கலம் விலை போகாததால் பரணில் கிடக்கும். வீட்டில் தேடுகிறவர்கள் முதலில் பரணைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்தது போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு. இப்போது இணையத்தில் தேடலாம். பெயர், எண், இறந்த நாள் ஆகியவற்றோடு பல பதிவுகளில் "இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன வட்டம், தஞ்சாவூர்" என்ற வரி இருக்கும். தேடுகிறவருக்கு உயிர்நாடி இந்த வரிதான். ஆனால் இதிலும் கண்ணி உண்டு. நம்மவர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதலெழுத்தில்தான் ஊரும் தகப்பனும் நிற்கிறார்கள். வலங்கைமானில் 1869-இல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரிக்கு 'வி' என்பது வலங்கைமான், 'எஸ்' என்பது சங்கரநாராயணன். பட்டாளத்துக் குமாஸ்தா முதலெழுத்தை உதறிவிட்டு வெறும் கோவிந்தசாமி என்று எழுதினான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் மாரிமுத்து மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் மாரிமுத்து என்று ஒன்றுவிட்ட தலைமுறைக்கு அதே இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். பங்காளி வீட்டிலும் அதே பெயர்கள். அந்த ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஆளுக்கொரு விதம். பெயரை வைத்துத் தேடுவதைவிடத் தகப்பன் பெயர், வட்டம், படை எண் மூன்றையும் சேர்த்துத் தேடுவதே பலன் தரும்.

எந்த வட்டம் என்பதும் சிக்கல்தான். பழைய தஞ்சாவூர் மாவட்டம் 1991-இல் பிரிந்து நாகப்பட்டினம் தனி மாவட்டமானது. 1997 சனவரி 1 அன்று திருவாரூர் மாவட்டம் உருவானபோது மற்ற பகுதிகள் நாகப்பட்டினத்திலிருந்து வர, வலங்கைமான் மட்டும் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்தது. திருவாரூர் என்று தேடினால் போர்க்காலப் பதிவேட்டில் வலங்கைமான்காரர் சிக்க மாட்டார்.

பஞ்சாபின் நிலை வேறு. லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த கிராமவாரிப் பதிவேடுகளில் ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் விவரங்கள் உள்ளன. 2021 முதல் அவை படிப்படியாக இணையத்துக்கு வருகின்றன. ஊர் பெயரைத் தட்டினால் கொள்ளுத்தாத்தா வருகிறார். காவிரிப் படுகைக்காரருக்கு அந்த வசதி இல்லை. சிதறிக் கிடப்பதைத்தான் பொறுக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் வரும்போது கதை இரண்டாகப் பிரிகிறது. 1920-களின் கடைசியில் கலைக்கப்பட்டிருந்த மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது. ராபர்ட்ஸ் ஒதுக்கிய தென்னாட்டார் லட்சக்கணக்கில் சேர்ந்தனர். அவர்களுக்குச் சேவைப் பதிவு உண்டு, வீட்டுக்கு மணியார்டர் உண்டு. இறந்தவர்களின் பெயர்கள் இம்முறை சிப்பாய் வரை கல்லில் ஏறின: ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியானிலும் சிங்கப்பூரின் கிராஞ்சியிலும் தமிழ்ப் பெயர்களை வரிசை வரிசையாகப் படிக்கலாம்.

மற்றக் கிளை நாகப்பட்டினத் துறைமுகம் வழியாகப் போனது. கங்காணி கூட்டிப்போன ஆட்கள் இங்கிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கி ரப்பர் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். மலாயாவுக்கு அதிகம் ஆள் அனுப்பிய மாவட்டங்களில் தஞ்சாவூரும் திருச்சியும் முன்னணியில் இருந்தன. அந்தத் தோட்டங்களின் நிலைமையைப் பார்த்து வர 1936 கடைசியில் இந்திய அரசு அனுப்பியது வலங்கைமான் சாஸ்திரியைத்தான். 1937-இல் வந்த அவருடைய அறிக்கை தோட்ட முதலாளிகளிடம் மென்மையாக நடந்துகொண்டது என்று மலாயா இந்தியத் தலைவர்கள் குறைப்பட்டார்கள்; எனக்கும் அந்தக் குறை நியாயமாகவே படுகிறது. 1938-இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. போனவர்கள் அங்கேயே இருந்தார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது.

அதன் பிறகு தோட்டத் தமிழருக்கு இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, 1943 சூலையில் நேதாஜி தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவம். துப்பாக்கி பிடித்தே அறியாத பால்மரத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். லட்சுமி சுவாமிநாதனின் ஜான்சிராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்தார்கள். இன்னொன்று, சயாம்-பர்மா ரயில்பாதை. 415 கிலோமீட்டர் பாதையை 1942 சூனிலிருந்து 1943 அக்டோபருக்குள் போட்டு முடிக்க ஜப்பானியர் ஆசியத் தொழிலாளர்களை 2 லட்சம் அளவில் இறக்கினார்கள். அவர்களில் 90,000 பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். காலராவும் பட்டினியும் கொன்றவர்களே மிகுதி. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 நேசநாட்டுக் கைதிகளுக்குக் கல் உண்டு. தமிழ்த் தொழிலாளி எந்த இராணுவத்திலும் பெயர் கொடுக்காதவன் என்பதால் அவனுக்கு அங்கே இடமில்லை. 2023-இல்தான் தாய்லாந்துத் தமிழர்கள் காஞ்சனபுரியில் அவர்களுக்கென ஒரு நடுகல் எழுப்பினார்கள்.

தேசிய இராணுவத்தார் விஷயத்தில் பணம் பின்னால் வந்தது; பெயரும் பின்னாலேயே வந்தது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடுவண் அரசு தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் அவர்களும் இடம்பெற்றனர். விண்ணப்பத்துக்குச் சான்று வேண்டும். சிறைப் பதிவு இல்லாதவர்கள் உடன் சிறையிலிருந்தவரின் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும். முப்பது ஆண்டுகள் வாய்வழியாக மட்டும் இருந்த கதைகள் அப்போதுதான் முத்திரைத்தாளில் ஏறின. எந்தப் படைப்பிரிவு, எந்த முகாம், யார் கூட இருந்தார்கள் என்று இன்று நாம் அறிவதில் பெரும்பங்கு அந்தக் கோப்புகளின் கொடை. ரயில்பாதைக்குப் போனவரின் குடும்பத்துக்கு அப்படி ஒரு விண்ணப்பப் படிவம் வரவே இல்லை.

காகிதம் கைவிட்ட இடத்தை வீடு தன் வழியில் நிரப்பியது. இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது வழக்கம். மலாயாவிலிருந்து கடிதம் நின்றுபோனவர்கள் அந்த வரிசையில் சேர்ந்தார்கள். வலங்கைமான் பாடைகட்டி மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில், சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்தவரைப் பாடையில் கிடத்திச் சுமந்து வந்து அம்மன் முன் எழுப்புவார்கள். பிழைத்து வந்தவருக்கு ஊரறிந்த சடங்கு இருக்கிறது. உடலும் வராமல் செய்தியும் வராமல் போனவருக்கு வீட்டுக்குள் ஒரு படையல் மட்டும். அந்தப் படையலில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமுள்ள வீடுகளில் பெயர் மூன்று தலைமுறை தாங்கும். அதற்கு மேல் 'பட்டாளத்துத் தாத்தா' என்ற உறவுமுறை மட்டுமே மிஞ்சும்.

ஆகவே தேட நினைப்பவர்கள் போர் வரலாற்று நூல்களைவிடப் பணம் பட்டுவாடா செய்த அலுவலகங்களைப் பின்தொடர்வது நல்லது. காலாட்படையில் இருந்தவர் என்றால் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையம். சாப்பர் என்றால் பெங்களூரின் மதராஸ் பொறியாளர் குழு. குடும்ப ஓய்வூதியம் வாங்கிய பாட்டி இருந்திருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அந்தப் பாட்டியின் ஓய்வூதியப் புத்தகம் கிடைத்தால் மேலட்டையில் உள்ள எண்ணை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கணவர் பெயரைத் தப்பாக எழுதியிருந்தாலும் எண்ணைத் தப்பாக எழுதியிருந்தால் பணம் வந்திருக்காது.