அணிசெய்த படைக்கலங்களைக் காட்சியில் வைக்கும் முறை

படைக்கலம் போருக்கே உரியது என்பது உலகோர் எண்ணம். ஆயினும் பண்டையரசர்தம் படைக்கொட்டில்களினின்றும் எஞ்சியவற்றுட் பல, விழாவிலும் திருவோலக்கத்திலும் ஏந்துதற்கென்றே அணிசெய்யப்பட்டன. அவற்றைப் பொருட்காட்சிச் சாலையில் எவ்வாறு அடுக்கிக் காட்டுதல் தகும் என்பதை ஆராய்தல் நம் குலத்தார்க்குக் கடனாம். என்னை? அவற்றைத் தாங்கினோர் அரசர். ஆக்கினோர் நம் முன்னோர்.

ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு உணர்த்துகின்றது. தொண்டைமானின் படைகள் மாலையும் பீலியும் அணிந்து காவல் மனையில் இருக்கின்றன. அதியமானின் படைகளோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன. இச்செய்தியை நாம் வீரத்தின் பொருட்டே பயில்கின்றோம். காட்சி அமைப்பார்க்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. இற்றைப் பொருட்காட்சிச் சாலைகள் காவல் மனையை மட்டும் காட்டுகின்றன. பட்டறையைக் காட்டுவன மிகச் சில.

இக்குறை எத்துணை இழப்புக்கு இடமாகும் என்பதற்குத் தஞ்சைப் படைக்கொட்டிலே சான்று. 16-ஆம் நூற்றாண்டு முதல் 1673 வரை நாயக்கரும், அவர்க்குப் பின் மராட்டியரும் அங்கே அரசு வீற்றிருந்தனர். 1855-இல் சிவாஜி மன்னர் ஆண்மகவின்றி இறந்தமையால் கும்பெனியார் அவ்வரசைக் கவர்ந்தனர். அரண்மனையில் குவிந்துகிடந்த படைக்கலங்களுள் சிலவற்றைத் தெரிந்து சென்னைப் பொருட்காட்சிச் சாலைக்கு அனுப்பியபின், எஞ்சியவற்றை 1863-ஆம் ஆண்டளவில் உடைத்துப் பழைய இரும்பாக விற்றனர். வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி இதனை 1878-இல் ஒரு கட்டுரையாக எழுதி வைத்தார். தப்பிய கட்டாரிகளையும் யானைத் தோட்டிகளையும் காண்போர், உடைந்தவை எத்தகையனவோ என ஏங்காதிரார். செய்தோர் பெயரும் செய்த திறமும் அறியப்படாத பொருள் எடைக்கு விலைபோதல் இயல்பே.

ஆதலின் நாம் வேண்டுவது இது: அரசர் முறையால் மட்டுமன்றித் தொழில் முறையாலும் காட்சியை வகுத்தல் வேண்டும்.

முதற்கண் உருக்கு. இரும்பைக் கரிப்பொருளோடு மண்மூசையில் அடைத்து உருக்கி எடுத்த தென்னாட்டு உருக்கின் புகழ் கடல் கடந்தது. ஆங்கில அறிஞர் பாரடே 1819-இல் அதனைப் பகுத்து ஆராய்ந்தார். அவ்வகை உருக்கால் ஆகிய வாளின் முகத்தில் நீரலை போன்ற வரிகள் ஓடும். அவ்வரி வரைந்ததன்று, உருக்கின் உள்ளிருந்தே தோன்றுவது. வாளின் அருகே ஒரு மூசையையும் உருக்குக் கட்டியையும் வைத்தாலன்றோ காண்பார்க்கு இவ்வுண்மை விளங்கும்?

இரண்டாவது சித்திரவேலை. தஞ்சைக் கட்டாரிகளின் கைக்காப்பில் உருக்குத் தகட்டை ஊடறுத்துச் செய்த கொடியும், யாளி முகமும் காணலாம். கோயில் மண்டபத் தூணில் சிற்பியார் கல்லிற் கண்ட யாளியே, இங்கு விரலளவில் உருக்கில் நிற்கின்றது. அக்கட்டாரிகள் பலவற்றில் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது; பிடியோ இந்நாட்டுக் கைவேலை. அயலார் அலகை நம் பிடியில் ஆணியறைந்து பொருத்திய கையின் அறிவையும் பெயர்ச்சீட்டு உரைத்தல் வேண்டும்.

மூன்றாவது பொன்வேலை. உருக்கின்மேல் நுண்ணிய குறுக்குக் கோடுகள் கீறி, அவற்றின்மேல் பொற்கம்பியை வைத்துத் தட்டிப் பதிப்பர். ஒரு வாளுக்கு அலகு கொல்லர் தந்தார். பொன் தட்டார் பதித்தார். பித்தளைப் பூண் கன்னார் வார்த்தார். உறைக்கு மரம் தச்சர் கடைந்தார். அதற்குத் தோல் போர்த்தோர் பிற குலத்தார். இங்ஙனம் பலர் கூடிச் செய்ததை ஓர் அரசன் பெயரால் மட்டும் வழங்குதல் நடுவுநிலைமை ஆகாது.

இனிக் காக்கும் முறை. பழைய வாளைப் பளபளக்கத் தேய்த்தல் பெருங்கேடு. நீரலை வரியும் பொற்பூச்சும் அத்தேய்ப்பிலேயே அழியும். வியர்வையின் உப்பு இரும்பை அரிக்குமாதலின் கையுறையின்றித் தொடலாகாது. ஈரம் மிகின் இரும்பு துருவேறும். மிகக் குறையின் தந்தமும் மரமும் வெடிக்கும். இரண்டும் கலந்த பொருளுக்குக் காற்றின் ஈரத்தை நூற்றுக்கு 50 அளவில் நிலைநிறுத்துவர். பல வாள்களின் அலகு பிடியில் அரக்கால் பொருத்தப்பட்டிருத்தலின் வெம்மைமிக்க விளக்கை அருகில் வைத்தல் தவறு. ஆயுதபூசையில் நாம் இடும் சந்தனமும் குங்குமமும் தொழிற்கருவிக்குச் சிறப்பாம். காட்சிப் பொருளுக்கோ அவை தீங்கே.

இவையனைத்தும் அரசாங்கத்தார் செய்வனவன்றோ, நாம் செய்யக் கிடப்பது யாது எனின், கூறுதும். நம் வீடுகளின் பரண்களில் பாட்டன்மார் ஆண்ட துருத்தி, குறடு, சித்திர உளி, வார்ப்பு அச்சு, அளவுக்கோல் ஆகியன கிடக்கின்றன. வீடு பெயரும்போதும் பாகம் பிரிக்கும்போதும் அவை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. தஞ்சையில் ஆங்கில ஆட்சி செய்ததை நம் வீட்டில் நாமே செய்யலாமா? விற்குமுன், இக்கருவி யாருடையது, எவ்வூரில் எதற்குப் பயன்பட்டது என்று முதியோரைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவைத்தல் ஒருநாள் வேலையே. அங்ஙனம் சேர்த்தவற்றைச் சங்கத்தார் பொருட்காட்சிச் சாலைக்கு வழங்குவராயின், அணிசெய்த வாளின் பக்கத்தில் அதனை அணிசெய்த வகை உளியும் வீற்றிருக்கும். அரசனுக்குப் பெயர் உண்டு. உளியாண்ட கைக்கும் ஒரு பெயர் இருந்ததென உலகம் அறியட்டும்.