ஏழு கைகள் பட்ட நாடகம்



தோட்டத்துத் திருவிழாவில் நாடகம் போட்டுப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். வீட்டில் உட்கார்ந்து எழுதியது அப்படியே மேடையேறுவதில்லை. ஒருவர் எழுதுவார், ஒத்திகையில் வாத்தியார் சில வசனங்களை வெட்டுவார், இன்னொருவர் ஒரு காட்சியைச் சேர்ப்பார். இது நேற்று வந்த வழக்கமன்று. ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் எழுதப்பட்ட 'சர் தாமஸ் மோர்' என்னும் நாடகத்தின் கைப்பிரதி இதற்குச் சான்று. அது இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

1517-ஆம் ஆண்டு மே மாதத்தில், லண்டனில் பிழைக்க வந்திருந்த அயல்நாட்டார்மீது உள்ளூர் மக்கள் கலகம் செய்தார்கள். அந்த நிகழ்ச்சியும் இந்நாடகத்தில் வருகிறது. கைப்பிரதியில் ஏழு பேருடைய எழுத்துகள் காணப்படுகின்றன. முதல் எழுத்து ஆண்டனி மண்டே என்பவருடையது. பிறகு வேறு எழுத்தாளர்கள் காட்சிகளைத் திருத்தி எழுதினார்கள். அவற்றை ஒழுங்குபடுத்தியவர், நாடகக் குழுவுக்காகப் படியெடுக்கும் ஒருவர்.

அதில் மூன்று பக்கங்கள் ஷேக்ஸ்பியரின் கையெழுத்து என்பது அறிஞர் பலரின் முடிவு. கைக்குழந்தைகளை முதுகில் சுமந்து, மூட்டை முடிச்சுகளோடு துறைமுகத்தை நோக்கி நடக்கும் ஏழைகளை நினைத்துப் பார்க்கும்படி கலகக்காரர்களிடம் மோர் சொல்கிறார். 'நாளை நீங்கள் நாடு கடத்தப்பட்டால் எங்கே போவீர்கள்? அங்குள்ளவர்கள் உங்களை இப்படி நடத்தினால் பொறுப்பீர்களா?' என்ற பொருளில் கேட்கிறார். கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும்.

இந்தப் பக்கங்களிலும் படியெடுப்பவரின் பேனா பட்டிருக்கிறது. யார் பேசுவது என்று தெளிவில்லாத இடங்களில் பாத்திரங்களின் பெயரைக் குறித்தார். குழப்பமான சில வரிகளை அடித்துவிட்டு, ஒரு சிறு தொடரை எழுதி இணைத்தார். பேச்சின் உயிர்நிலையை அவர் தொடவில்லை.

ஏழாவது கை அரசாங்கத்தின் கை. நாடகங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரியான எட்மண்ட் டில்னி, கலகக் காட்சியை அடியோடு நீக்கும்படி ஓரத்தில் எழுதினார். மீறினால் விளைவு உங்களுக்கே என்றும் எச்சரித்தார். அயல்நாட்டார்மீது அப்போதும் லண்டனில் வெறுப்பு இருந்தது. மேடையில் நடப்பது தெருவிலும் நடக்கலாம் என்ற அச்சம் இயல்பே.

அந்த நாடகம் அக்காலத்தில் மேடையேறியதற்குச் சான்று இல்லை. 1844-இல்தான் அச்சாயிற்று. 1964-இல் நாட்டிங்காம் நகரில் நடிக்கப்பட்டது.

இருவருமே பேனாவால் அடித்தவர்கள்தாம். ஒருவர், எழுதியவர் சொல்ல வந்தது கேட்பவர் காதில் தெளிவாக விழ வேண்டும் என்று அடித்தார். மற்றவர், அது காதிலேயே விழக் கூடாது என்று அடித்தார். முன்னது திருத்தம்; பின்னது தடை. நம் பிள்ளைகள் எழுதும் நாடகத்தைக் கையில் எடுக்கும் பெரியவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தால், அந்த எழுத்து மேடையேறும். எழுதிய பிள்ளையும் மீண்டும் எழுதும்.