பேர் வெட்டுனா என்ன கிடைக்கும்?

நம்ம தோட்டங்கள்ல ஒரு நாள் சம்பளத்துக்கே "பேர்" என்றுதான் பெயர். கொழுந்து குறைஞ்சா அரைப்பேர். வேலையை விட்டு நிறுத்தினா பேர் வெட்டு. செக்ரோலில் பேர் போனவர் அடுத்த வேலை கிடைக்கும்வரை எதை வச்சுச் சாப்பிடுவார்? இலங்கைச் சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. வேலையில்லாக் காலத்துக்கென்று ஒரு காப்புறுதி இங்கே கிடையாது. இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கு.

பிரித்தானியாவில் 1911இல் தேசிய காப்புறுதிச் சட்டம் வந்தது. கப்பல் கட்டுமானம், கட்டட வேலை போன்ற சில துறைகளில் வேலை இழந்தவருக்கு வாரம் 7 ஷில்லிங், வருடத்தில் 15 வாரம் வரை கிடைத்தது. அதே நாட்டுத் துரைமார் நடத்திய நம்ம தோட்டங்களில் அப்போது இருந்ததோ துண்டு முறை. கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அங்கே வேலை போனால் காசு. இங்கே வேலையை விட்டுப் போகவே முடியாது! 1921இல்தான் துண்டு ஒழிந்தது.

பிறகு 1930களின் பொருளாதார மந்தம். தேயிலை, இறப்பர் விலை விழ, கூலியையும் ஆளையும் குறைத்தார்கள். குறைத்த கூலி வேண்டாம் என்றவருக்குக் கிடைத்த நிவாரணம், இந்தியாவுக்கு இலவசப் பயணம். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் தினக்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளரை நீக்க முடிவெடுத்தபோதும் இதே யோசனைதான்: நாடு திரும்பச் சம்மதித்தால் வழிச்செலவும் கையில் ஒரு தொகையும். ஜூலையில் நேரு வந்து பேசியும் அரசாங்கம் இறங்கி வரவில்லை. அந்த வருகையின்போதுதான் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது.

1958இல், டி.பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராக இருந்தபோது, ஊழியர் சேமலாப நிதியம் வந்தது. பெரிய விசயம்தான், மறுக்கல. ஆனா ஈபிஎப் காசு ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில். இடையில் வேலை போனால், போனதுதான். நாட்டை விட்டு நிரந்தரமாகப் போனால் முன்கூட்டியே எடுக்கலாம். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணும் எடுக்கலாம், அவள் மறுபடி வேலை தேட மாட்டாள் என்ற நினைப்பில். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டபோது, சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கொண்டுபோகலாம் என்று அதிலேயே எழுதினார்கள்.

ஒன்று வேலை செய்துகொண்டிருப்பார், இல்லையென்றால் கிளம்பிப் போவார். சட்டம் எழுதியவர்கள் நம்ம ஆட்களை அப்படித்தான் நினைத்தார்கள் என்று எனக்குத் தோணுது. வேலை போய், இதே லயத்தில் இருந்துகொண்டு வேறு வேலை தேடுகிறவர் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

1971இன் சட்டப்படி, தொழில் ஆணையாளரின் அனுமதியோ தொழிலாளியின் எழுத்துச் சம்மதமோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. 1983இன் பணிக்கொடைச் சட்டம் 5 வருடம் வேலை செய்த நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் தருகிறது. இரண்டுமே 15 பேராவது வேலை செய்யும் இடங்களுக்குத்தான். ராகலையிலிருந்து கொழும்புக் கடைகளுக்குப் போகும் நம்ம பொடியன்மார் வேலை செய்வது பெரும்பாலும் அஞ்சாறு பேர் இருக்கும் கடைகளில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பியவர்களுக்கு இந்த இரண்டு சட்டமும் உதவவில்லை.

ஓரளவுக்கு உதவக்கூடியது ஊழியர் நம்பிக்கை நிதியம், அதாவது ஈடிஎப். 1980இல் வந்தது. முதலாளி கட்டும் 3 சதவீதம். வேலையை விட்டால் எந்த வயதிலும் எடுக்கலாம், ஆனால் 5 வருடத்துக்கு ஒருமுறைதான். சில மாதமே வேலை செய்தவருக்கு அது பெரிய தொகையாக இருக்காது. முதலாளி உண்மையிலேயே கட்டியிருக்க வேண்டும் என்பது வேறு.

அப்புறம் மறுபடியும் பேர். செக்ரோலில் "லெட்சுமி", அடையாள அட்டையில் "லக்ஷ்மி", பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. இதனால் ஈபிஎப், ஈடிஎப் காசுக்கு அலைந்த அம்மாமார், பாட்டிமார் நம்ம எல்லாருடைய லயத்திலும் இருக்காங்க. வேலையில் இருக்கும்போதே அங்கத்துவ இலக்கத்தையும் பேரின் எழுத்தையும் பார்த்து வையுங்க. அநியாயமாக நிறுத்தியிருந்தால் தொழில் நியாயசபைக்குப் போகலாம். அங்கே 15 பேர் என்ற கணக்கு இல்லை. ஆனா நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட்டிருக்க வேண்டும்.