முன்னால் கோடு, பின்னால் பட்டன்: பைக் டயர்களின் கதை

தெருவில் நிற்கும் ஏதாவது ஒரு பழைய ஸ்ப்ளெண்டரைக் குனிந்து பாருங்கள். முன் டயரில் நீளவாக்கில் கோடு கோடாக ஓடும். பின் டயரில் கட்டம் கட்டமாகப் பட்டன். 1994-ல் அந்த வண்டி வந்தபோது இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவுதான், 2.75-18. பாரம் தாங்கப் பின்னால் மட்டும் கூடுதல் ப்ளை. அளவு ஒன்று என்றால் பின் டயர் மொட்டையானதும் முன்னதைக் கழற்றிப் பின்னால் மாட்டிக் காசை மிச்சம் பிடிக்கலாமே என்று பஞ்சர் கடையில் கேட்காதவர் குறைவு. அந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது.

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடி கண்டுபிடித்த பிறகுதான் உலகம் விழித்தது. ஆரம்பகால மோட்டார் சைக்கிள் என்பது என்ஜின் வைத்த சைக்கிள்தானே? சைக்கிள் போலவே அதற்கும் இரண்டு பக்கமும் ஒரே டயர்.

வேகம் கூடக் கூடத்தான் வித்தியாசம் தெரிந்தது. முன் சக்கரத்தின் வேலை திரும்புவது. பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னால்தான் சரியும். பின் சக்கரத்தின் வேலை உந்தித் தள்ளுவது, கூடவே பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் சுமப்பது. நீளவாக்கில் ஓடும் கோடுகள் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கும். பட்டன்கள் மண்ணிலும் சேற்றிலும் உந்தித் தள்ள உதவும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பிரிட்டிஷ் பைக்குகளில் 'முன்னால் கோடு, பின்னால் பட்டன்' என்பது வழக்கமாகிவிட்டது.

இதற்கு நேர் எதிர் வழியில் போனது ஸ்கூட்டர். 1946-ல் வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். சக்கரத்தை ஒரே பக்கம் மட்டும் தாங்கும்படி அமைத்ததால் நாலைந்து நட்டைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். ஒரே ஸ்டெப்னி முன்னுக்கும் பின்னுக்கும் பொருந்தும். (ஸ்டெப்னி என்பது வேல்ஸில் லனெத்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர்! 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் அங்கேதான் உபரிச் சக்கரம் தயாரித்தார்கள்.) நம் நாட்டில் ஒரு தலைமுறையையே சுமந்த பஜாஜ் சேத்தக்கும் இதே வழிதான். 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டும் இரண்டு பக்கமும் 3.25-19 தான். மாற்றி மாட்டும் பழக்கம் இங்கே வேரூன்றியதற்கு இந்த வண்டிகளும் ஒரு காரணம் என்றால் தப்பில்லை.

சிக்கனம் புரிகிறது. ஆனால் பின் சக்கரம் வழுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் யோசிக்கக்கூட நேரம் கிடையாது. அரைகுறையாகத் தேய்ந்த டயரை முன்னால் தள்ளுவது மிச்சம் பிடிக்கும் கணக்கிலேயே சேராது.

1969-ல் கதை திரும்பியது. ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில் மால்கம் அப்ஹில், ட்ரையம்ஃப் பானவில்லில் சராசரி 100 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். கடையில் விற்கும் ரக வண்டி அந்த வேகத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. அவர் ஓட்டியது டன்லப் கே81 டயரில். முன்னும் பின்னும் ஒரே வகை! பிறகு அதற்கு டிடி100 என்றே பெயர் வந்தது.

அடுத்த குழப்பம் ரேடியல். மிஷலின் காருக்கு 1946-லேயே காப்புரிமை வாங்கிய நுட்பம் பைக்குக்கு வர 1980-கள் ஆனது. 1984-ல் பிரெல்லி ரேடியலோடு வந்தது ஹோண்டா விஎஃப்1000ஆர். சாதா டயரில் நூலடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும். ரேடியலில் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும், மேலே ஒரு பட்டை இறுக்கும். இரண்டும் வளையும் விதமே வேறு. அதனால் முன்னால் ரேடியல், பின்னால் சாதா என்று கலக்கக் கூடாது என்பதுதான் டயர் கம்பெனிகளின் பொதுவான அறிவுரை. தலைகீழாக இருந்தால், வண்டிக் கம்பெனியே அப்படி வடிவமைத்திருந்தால், பிரச்சினை இல்லை. 2011-ல் இந்தியாவுக்கு வந்த இரண்டாம் தலைமுறை யமஹா ஆர்15 அப்படித்தான்: முன்னால் சாதா 90/80-17, பின்னால் ரேடியல் 130/70-17.

1994-ன் டுகாட்டி 916-க்குள் வித்தியாசம் கண்ணாலேயே தெரியும் அளவுக்குப் போய்விட்டது. முன்னால் 120 மில்லிமீட்டர் அகலம், பின்னால் 190.

எல்லாவற்றையும் மிஞ்சியவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஹோண்டா கோல்ட்விங்கின் பின் சக்கரத்தில் கார் டயரையே மாட்டி ஓட்டும் இவர்களுக்கு 'டார்க் சைடர்ஸ்' என்று பெயர். கார் டயர் அதிக மைல் உழைக்கும், விலையும் மலிவு என்பது அவர்கள் வாதம். பைக் திருப்பத்தில் சாயும், கார் டயரின் அடிப்பாகமோ தட்டை. சாயும்போது வண்டி டயரின் ஓரத்தில்தான் நிற்கும். டயர் கம்பெனிகள் கூடவே கூடாது என்கின்றன. அவர்கள் கேட்பதாக இல்லை.