கல்லில் எழுதிய கணக்கு

மணிமங்கலத்துக் கற்கள் போரைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியைப் புறங்கண்ட களங்களுள் ஒன்றாக இவ்வூரைக் கூரம் செப்பேடு குறிக்கின்றது. நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், சோழன் வீரராசேந்திரன் கூடல்சங்கமத்தில் சாளுக்கியரை வென்ற செய்தி, இவ்வூர் இராசகோபாலப் பெருமாள் கோயிலில் பொறிக்கப்பட்டது.

அதே மன்னனின் வேறொரு கல்வெட்டு, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் இருக்கின்றது. ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையைப் பற்றிக் கூறுகின்றது. படுக்கைகள் 15. நாடி பார்த்து மருந்தளிக்க ஒரு மருத்துவர், சல்லியக்கிரியை செய்ய ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளரைப் பேணப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர ஒருவர். ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியமும் அங்கே வரையறுக்கப்பட்டிருக்கின்றது.

இக்கணக்கை நாம் ஊன்றி நோக்க வேண்டும். மருத்துவமனை என்பது கட்டடம் அன்று; மருத்துவர் ஒருவர் மட்டுமேயும் அன்று. பல கைகள் கூடினால்தான் ஒரு நோயாளி எழுந்து நடப்பான் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். எனினும், கோயிற் பணியாளர்க்கும் அங்குப் பயின்ற மாணவர்க்குமே அச்சாலை உரியதாயிருந்தது. சுற்றிலும் வயலில் உழைத்தோர் அக்கணக்கில் இல்லை. கணக்கில் வராதவர் யார் என்னும் கேள்வி அன்றிலிருந்து நம்மைத் தொடர்கின்றது.

1924-இல் சென்னை மாகாண அரசு, சிற்றூர்களில் குடியேறும் மருத்துவர்க்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவர் நகரை விட்டு வரத் தயங்குகின்றனர் என்னும் குறை அன்றே இருந்தது. 1946-இல் போர் குழுவின் அறிக்கை வந்தது. உடனடித் திட்டமாக, 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், அதில் மருத்துவர் இருவரும், அவர்களோடு செவிலியர், மருத்துவச்சியர், சுகாதார ஆய்வாளர் எனப் பலரும் வேண்டும் என்று அது கூறிற்று. அதே குழுவின் பெரும்பான்மையினர், குறுகிய காலப் படிப்பால் உருவான எல்.எம்.பி. மருத்துவர் முறையைக் கைவிடவும் பரிந்துரைத்தனர். தரம் உயர்ந்தது, ஆனால் சிற்றூர்களுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு வகுப்பினர் படிப்படியாக மறைந்தனர்.

நம் திருச்சபையின் வரலாறும் குறையற்றதன்று. துறவியர் மருத்துவத் தொழில் செய்வதற்கு, குறிப்பாகப் பேறுகாலப் பணிக்கு, நெடுங்காலம் தடை இருந்தது. பொதுவான அனுமதி 1936-இல்தான் உரோமையிலிருந்து வந்தது. அதற்கு முன்னரே, திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டின் தனி அனுமதியோடு, ஆஸ்திரேலிய மருத்துவரான அருட்சகோதரி மேரி குளோரி, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பணிபுரிந்தார். 1920-இல் வந்த அவர், தாம் ஒருவராகவே எல்லாரையும் குணப்படுத்திவிட முடியாதென்று கண்டார். உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கலக்கவும் பேறு பார்க்கவும் நோயாளரைப் பேணவும் கற்பித்தார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பை உருவாக்கினார். கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்னும் அவருடைய கனவு, அவர் மறைந்தபின் 1963-இல் பெங்களூரில் தூய யோவான் கல்லூரியாக மலர்ந்தது.

தமிழகம் பின்னர் முன்னேறியதும் இவ்வழியிலேயே. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். கருவுற்ற தாயின் வீட்டை மருத்துவரைக் காட்டிலும் அவரே நன்கு அறிவார். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும், நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகள் பெண் தன்னார்வலர் வழியாகவே இல்லம் சென்று சேர்கின்றன.

இன்று மணிமங்கலத்தைச் சுற்றி ஒரகடமும் திருப்பெரும்புதூரும் இருங்காட்டுக்கோட்டையும் ஆலைகளால் நிறைந்துள்ளன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர் வாடகை அறைகளில் நெருங்கி வாழ்கின்றனர். 5,000, 30,000 என்னும் அளவுகோல்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டியவை, 2011-இல் கணக்கெடுத்தபோது இவர்களுள் பலர் இங்கில்லை, சிலர் சிறுவர். வயலில் உழைத்தோர் அன்று விடுபட்டது போல, ஆலையில் உழைப்போர் இன்று விடுபடலாகாது.

மருத்துவர் மேலும் வேண்டும் என்று நாம் கேட்பது நியாயமே. ஆயினும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. செவிலியம் பயின்ற நம் பங்கின் பெண்மக்கள் அயல்நாடு செல்லும்போது மகிழ்ந்து திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றோம். துணை சுகாதார நிலையத்தில் பணியேற்கும் பெண்ணுக்கு அதே மதிப்பை அளிக்கின்றோமா?

நல்ல சமாரியர் காயங்களைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. விடுதிக் காப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் உறுதியளித்தார். நாளையும் பேணுவதற்கு ஓர் ஆளையும் அவருக்குரிய ஊதியத்தையும் ஏற்படுத்திய பின்னரே அவர் தம் வழியே சென்றார்.