செருப்பில்லாத பத்து வருடங்கள்: எமஹோயின் பியானோ

வேலை முடித்து வந்து இணைந்தவர்களும் இருக்கிறீர்கள், இன்னும் சற்று நேரத்தில் வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இசை விமர்சகர் அல்ல. நர்சிங் டிப்ளமா படித்தவள். ஊர் கன்னியாகுமரி மாவட்டம். இப்போது அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பெரும்பாலும் இரவுப் பணி. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது எத்தியோப்பியாவைச் சேர்ந்த ஒரு பெண் துறவியின் தனிப் பியானோ இசை. அவர் பெயர் எமஹோய் செகே மரியம் கெப்ரு. 'எமஹோய்' என்பது அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் பெண் துறவிகளை அழைக்கும் மரியாதைச் சொல்.

இந்த இசையை இணையத்தில் தேடினால் 'அமைதி', 'தியானம்', 'உறக்கம்' என்ற தலைப்புகளில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அப்படிக் கேட்பது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அமைதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் கேட்கும் விதமே மாறிவிடும்.

1923 டிசம்பரில் அடிஸ் அபாபாவில் ஒரு செல்வாக்கான குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் யெவுப்தார். தந்தை கெப்ரு தெஸ்தா, ஒரு காலத்தில் கோந்தர் நகரத்தின் மேயராக இருந்தவர். ஆறு வயதில் அக்காவோடு ஸ்விட்சர்லாந்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். வயலினும் பியானோவும் அங்கே கற்றவை. தாய்மொழி கேட்காத ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இசை எப்படித் துணையாகிறது என்று இங்கே பிள்ளை வளர்க்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1933இல் நாடு திரும்பினார். இரண்டே ஆண்டுகளில், 1935 அக்டோபரில், முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. 1937இல் அவர் குடும்பத்தைப் போர்க்கைதிகளாகப் பிடித்து, முதலில் இத்தாலியின் அசினாரா தீவுக்கும், பிறகு நேப்பிள்ஸ் அருகே உள்ள மெர்கொலியானோவுக்கும் கொண்டுபோனார்கள். குடும்பத்தில் மூன்று பேரை அந்தப் படை கொன்றது. அப்போது அவருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது.

விடுதலைக்குப் பிறகு கெய்ரோ சென்று, போலந்து வயலின் கலைஞர் அலெக்சாண்டர் கொன்டரோவிச்சிடம் படித்தார். தினமும் ஒன்பது மணி நேரம் பயிற்சி: நான்கு மணி நேரம் வயலின், ஐந்து மணி நேரம் பியானோ. கெய்ரோவின் வெயில் உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பினார். அடுத்து லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படிக்கும் வாய்ப்பு வந்தது. ஆனால் போவதற்கு அனுமதி கிடைக்கவில்லை.

அவர் சாப்பாட்டை நிறுத்தினார். பன்னிரண்டு நாட்கள் காப்பி மட்டும். அந்த உடல் எந்த நிலைக்குப் போயிருக்கும் என்று என் தொழில் எனக்குச் சொல்லும். மருத்துவமனையில் சேர்த்தபோது அவர் கேட்டது நற்கருணை. எங்கள் சபையில் திருவிருந்து என்போம். அதன் பிறகு மனம் திரும்பியது இசைப் பள்ளிக்கு அல்ல, மடத்துக்கு.

வொல்லோ பகுதியில் கிஷென் மரியம் என்ற மலை இருக்கிறது. உச்சி சிலுவை வடிவில் இருக்கும். பழைய காலத்தில் அரச வம்சத்து இளவரசர்களைச் சிறை வைத்த மலை அது. பத்தொன்பது வயதில் அங்கே போனவர் இருபத்தொன்றாம் வயதில் துறவியானார். அந்த மலையில் பத்து ஆண்டுகள் செருப்பில்லாமல் நடந்தார். பியானோவும் கிடையாது. தினம் ஒன்பது மணி நேரம் வாசித்த விரல்கள் பத்து ஆண்டு சும்மா இருந்தன. இந்தப் பத்து ஆண்டுகளை மறந்துவிட்டு அவர் இசையில் வரும் இடைவெளிகளைக் கேட்க முடியாது என்பது என் எண்ணம்.

1960களில் கோந்தரில் அவர் புனித யாரெத்தின் இசையைப் படிக்கத் தொடங்கினார். யாரெத் ஆறாம் நூற்றாண்டில் அக்சும் நாட்டில் வாழ்ந்தவர். எத்தியோப்பியத் திருச்சபையின் பாடல் மரபை உருவாக்கியவர் என்று போற்றப்படுபவர். படிப்பு ஏறாமல் பள்ளியை விட்டு ஓடியவர், மரத்தில் ஏறி ஏறி விழுந்தும் விடாத ஒரு புழுவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார் என்று ஒரு கதை உண்டு. அந்தப் பாடல்களை முழுமையாகக் கற்கப் பல ஆண்டுகள் ஆகும். கற்க வரும் ஏழைப் பையன்கள் வீடு வீடாகப் பிச்சை எடுத்துச் சாப்பிடுவார்கள். 'வறுத்த தானிய மாணவர்' என்றே அவர்களுக்குப் பெயர். வறுத்த தானியத்தைத் தின்று படிப்பவர்கள் என்று பொருள்.

சாப்பாடில்லாமல், வெட்டவெளியில் படுத்துத் தூங்கும் அந்தப் பையன்களைப் பார்த்த பிறகுதான் எமஹோய் இசைத்தட்டு போட முடிவு செய்தார். தன்னிடம் கொடுக்கக் காசில்லை, இசை இருக்கிறது என்பதுதான் கணக்கு. பேரரசர் ஹைலே செலாசியின் உதவியோடு 1960களில் ஜெர்மனியில் இசைத்தட்டு வந்தது. பணம் ஏழைப் பிள்ளைகளுக்குப் போனது. நாம் தியான இசை என்று கேட்பது, பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போட எடுத்த முயற்சி.

இனி இசைக்கு வருகிறேன். எத்தியோப்பிய மரபில் நம் ராகம் போல நான்கு முக்கிய அமைப்புகள் உண்டு: திஸிதா, பாத்தி, அம்பாசல், அஞ்சிஹோயே. திஸிதா என்ற சொல்லுக்கு நினைவு, ஏக்கம் என்று பொருள். அதன் ஒரு வடிவத்தில் வரும் ஐந்து சுரங்கள் நம் மோகனத்தின் ஐந்து சுரங்களே: ச, ரி, க, ப, த. எங்கள் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துப் பாடி வளர்ந்த காதுக்கு எமஹோயின் சில இடங்கள் உடனே பிடிபட்டுவிடும். சுரம் ஒன்றானாலும் போக்கு வேறு. மோகனம் பெரும்பாலும் மலர்ச்சி, திஸிதா திரும்பிப் பார்த்தல்.

ஒரு கேள்வி எழும். பியானோவில் கட்டைகள் தனித்தனி. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. நம் ஊரில் ஆர்மோனியத்தின் மீது வந்த புகாரும் இதுதான். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது, 1971 வரை அது நீடித்தது. மேல்நாட்டுக் கட்டை வாத்தியத்தில் குரலின் வளைவை எமஹோய் எப்படிக் கொண்டுவந்தார்? இடது கையில் மெல்லிய அலை போல ஓர் அசைவு. வலது கையில், முக்கியமான சுரத்தைத் தொடும் முன் அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வேகச் சுரங்கள். தாளத்தையும் கட்டி வைக்கவில்லை. மூச்சு வாங்குவது போல ஓடும், நிற்கும். தடை போட்டுத் தீர்க்கப் பார்த்த ஒரு சிக்கலை அவர் வாசித்துத் தீர்த்தார்.

1974இல் பேரரசர் வீழ்ந்தார். ராணுவ ஆட்சி வந்தது. அந்த ஆண்டுகளில் அவர் வீட்டிலேயே தன் குரலில் பாடிக் கேசட்டில் பதிவு செய்தவை 2024இல்தான் வெளிவந்தன. அதில் ஜன்னலுக்கு வெளியே பறவைகள் கத்துவது கேட்கும். 1984இல் ஜெருசலேம் போனவர், அங்கே எத்தியோப்பிய மடத்தில் ஒரு சிறு அறையில், ஒரு பியானோவோடு வாழ்ந்தார். 2006இல் 'எத்தியோபீக்' வரிசையின் 21ஆம் தொகுப்பு வந்த பிறகுதான் உலகம் அவரைப் பரவலாகக் கேட்டது. அப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது. 2023 மார்ச்சில், தொண்ணூற்றொன்பது வயதில், ஜெருசலேமிலேயே மறைந்தார்.

என் வேலையில் தினம் பார்க்கும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தூக்க மாத்திரை தரும் அமைதி ஒன்று. மனதில் இருந்ததைச் சொல்லி, அழுது முடித்த பிறகு வரும் அமைதி வேறு. இரண்டு பேரும் கண்ணை மூடித்தான் படுத்திருப்பார்கள். வாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

எமஹோயின் இசை இரண்டாவது வகை. கைதித் தீவும், மறுக்கப்பட்ட லண்டனும், வெறுங்கால் மலையும், பசித்த பையன்களும் அந்த மெதுவான சுரங்களுக்குள் இருக்கிறார்கள். ஊரை விட்டு வந்த நாம், நாள் முழுக்க உழைத்த களைப்பில், தூங்குவதற்கு இசை தேடுகிறோம். தூங்குங்கள். ஆனால் ஒரு முறை, ஒரே ஒரு முறையாவது, விளக்கைப் போட்டுக்கொண்டு, வேறு வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து 'ஹோம்லெஸ் வாண்டரர்' என்ற அந்த இசையைக் கேளுங்கள். வீடில்லாமல் அலைபவர் என்று பொருள். அந்தத் தலைப்பு நமக்கு அந்நியமானதல்ல.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். இன்று எனக்கு இரவுப் பணி இல்லை.